ஆத்தே பார்க்காத போஹோல்

ராஸ் அல் கைமாவில் நக்கீல் கடைத்தெருவில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் நான் வேலை செய்கிறேன். என் கணவருக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் வேலை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் ஒரு வேலை தேடிக்கொண்டேன். ஆபீஸில் மூன்று மேஜை. ஒன்று முதலாளியுடையது. அவர் கோழிக்கோட்டுக்காரர், பாதி நாள் துபாயில் இருப்பார். இன்னொன்று என்னுடையது. மூன்றாவது மேஜையில் இருந்தவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவரை நான் ஆத்தே என்று கூப்பிடுவேன். பிலிப்பைன்ஸ்காரர்கள் அக்காவை அப்படித்தான் அழைக்கிறார்கள். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் சேர்ந்த முதல் வாரத்தில், "மேடம்னு சொல்லாதே, ஆத்தேன்னு சொல்லு" என்று அவரே சொல்லிக் கொடுத்தார். வீட்டில் போய் இதைச் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் ஆத்தே என்றால் அது வேறு. அதிர்ச்சி வந்தால் வாயிலிருந்து வரும் சொல்.

அவர் சொந்த ஊர் போஹோல் என்கிற தீவு. பிலிப்பைன்ஸில் அது தனி மாகாணம். ஆபீஸுக்கு யாராவது வந்து, தாய்லாந்து போய்விட்டோம், மலேசியா போய்விட்டோம், வேறு எங்கே போகலாம் என்று கேட்டால், ஆத்தே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வரிசையாகக் குவித்து வைத்த மாதிரி நிற்கும் சாக்லேட் மலைகள், உள்ளங்கைக்குள் அடங்கும் பெரிய கண்ணுடைய குட்டி விலங்கு, பச்சைத் தண்ணீர் ஓடும் லோபோக் ஆறு, கடலில் இருந்து எடுத்த கல்லால் கட்டின பழைய தேவாலயம். எல்லாவற்றையும் அந்த இடத்தில் நின்று காட்டுவது போலச் சொல்வார். இங்கிலீஷும் கல்ஃப் ஹிந்தியும் கலந்துதான் பேசுவார். ஆனாலும் கேட்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அவருக்கு ஒரு மகள். அவளை மூன்று வயதில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ஷார்ஜாவுக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். பிறகு ஒரு பியூட்டி பார்லர், அதன் பிறகு எங்கள் ஆபீஸ். கணவர் பேச்சை அவர் எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. மகளைப் பற்றிக்கூட அதிகம் பேச மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் பேசுவார் என்று மட்டும் தெரியும். "என்ன சொன்னா?" என்று கேட்டால், "நல்லா இருக்கா. என் அம்மாதான் பேசினாங்க. அவ தலையைக் காட்டிட்டுப் போயிட்டா" என்பார்.

ஒரு பெருநாள் விடுமுறைக்கு எங்களுக்குப் பெரிய குரூப் ஒன்று கிடைத்தது. எல்லாரும் தமிழ்க் குடும்பங்கள். துபாயில் இருந்து சிலர், ஷார்ஜாவில் இருந்து சிலர், மற்றவர்கள் எங்கள் ராஸ் அல் கைமாவிலேயே இருப்பவர்கள். அவர்களைச் சேர்த்துக் கொண்டுவந்தவர் துபாய் டேராவில் ஜவுளிக்கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு பெரியவர், கீழக்கரைக்காரர். என் வாப்பாவுக்குப் பழக்கம். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடுவேன். மாமாவுக்குப் போஹோலை விற்றதே ஆத்தேதான். பேசி முடித்தபின் மாமா, "இந்தப் பொம்பளையும் கூட வந்தாத்தான் நாங்க வருவோம்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். தமிழ் பேச நான், ஊரைக் காட்ட ஆத்தே என்று முடிவானது. பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் கிளம்பினேன்.

பக்கத்துத் தீவான செபு வரைக்கும் விமானம், அங்கிருந்து படகு. விமானத்தில் எனக்கும் ஆத்தேக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கண்ணயர்ந்த நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா? நான் அந்த இடமெல்லாம் பார்த்ததே இல்லை" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த இடம்?"

"சாக்லேட் மலை, ஆறு, சர்ச், ஒண்ணுமே. எங்க வீடு தீவோட அந்தக் கோடியில, மீன் பிடிக்கிற ஊர். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப தம்பிக்குக் காய்ச்சல், நான் வீட்டுல நின்னேன். அப்புறம் படிப்பே நின்னுபோச்சு. லீவுல போனா ஒரு மாசம். கூரை மாத்தணும், யாருக்காவது கல்யாணம் இருக்கும், யாராவது ஆஸ்பத்திரியில இருப்பாங்க. மலை பார்க்கப் போறேன்னு எப்படிச் சொல்றது?"

"பின்ன எப்படி அப்படிச் சொல்றீங்க ஆபீஸ்ல?"

"படிச்சிருக்கேன். வீடியோ பார்த்திருக்கேன். என் ஊர்தானே, சொல்லலாம்தானே?"

சொல்லலாம்தான் என்றேன். எனக்கும் யோசனையாக இருந்தது. ராமேஸ்வரத்துக்கு அத்தனை பக்கத்தில் பிறந்த நான் தனுஷ்கோடியைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அதுவும் கணவர் வீட்டு உறவுக்காரர்கள் மலேசியாவில் இருந்து வந்ததால். அதோடு, பயப்படாதீங்க, அங்கே உள்ளூர் கைடு ஒருத்தர் வருவார் என்றும் சொன்னேன்.

போஹோலின் தக்பிலாரன் படகுத்துறையில் நாங்கள் இறங்கியபோது அந்த கைடு வரவில்லை. பஸ் மட்டும் நின்றது. கைடுக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆள் நாளை மறுநாள்தான் கிடைப்பார் என்று டிரைவர் சொன்னார். ஆத்தே என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் பஸ்ஸுக்குப் பின்னால் நிழலில் நின்றுகொண்டிருந்த இருவரை நான் கவனித்தேன். மெலிந்த ஒரு அம்மாள், கையில் வாழைப்பழச் சீப்பு. பக்கத்தில் உயரமாக ஒரு பெண். எங்களூரில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் வயது. ஆத்தே தன் அம்மாவைக் கட்டிப் பிடித்தார். மகளையும் கட்டிப் பிடித்தார். அந்தப் பெண் கைகளைத் தூக்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவதற்காக முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். டூட்டியில் இருப்பதால் வீட்டுக்கு வர முடியாது என்று ஆத்தே முன்கூட்டியே சொல்லியிருந்தார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். "அது யாரும்மா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"பஸ்ஸுல பின்னாடி எத்தனை சீட்டு காலியா கெடக்கு. ஏத்திக்கச் சொல்லு."

"மாமா, ஆபீஸ்ல கேட்கணும்."

"கோழிக்கோட்டாங்கிட்ட நான் பேசிக்கிறேன். தாயும் மகளும் ரோட்டுல நின்னு பார்த்துட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? யல்லா, ஏறச் சொல்லு."

ஆத்தேயின் அம்மா வரவில்லை. வீட்டில் பன்றிக்குட்டிகள் இருக்கின்றன, யார் தீனி போடுவது என்று சொன்னாராம். ஆத்தே அதை எங்களுக்கு மொழிபெயர்க்கும்போது கோழிக்குஞ்சு என்று மாற்றிச் சொன்னார். உண்மையைப் பிறகு என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார். பேத்தியின் கையில் வாழைப்பழச் சீப்பைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். பெண்ணிடம் மாற்றுத்துணிகூட இல்லை. பின்சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அம்மா முன்னால் மைக் பக்கத்தில். நடுவில் நாங்கள் அத்தனை பேரும்.

முதலில் போனது கடற்கரையோரம் இருக்கும் ஒரு நினைவுச்சின்னம். ஸ்பெயினில் இருந்து வந்த கப்பல் தலைவனும் அந்த ஊர்த் தலைவனும் கையைக் கீறி, ரத்தத்தை மதுவில் கலந்து குடித்து நட்பு செய்துகொண்ட இடம் என்று சிலை வைத்திருக்கிறார்கள். ஆத்தே ஆபீஸில் சொல்வது போலவே கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன்.

அடுத்தது பக்லயோன் தேவாலயம். தடிமனான சாம்பல் நிறச் சுவர், கறுப்புப் பாசி படிந்தது. மாமா கிட்டே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். "இது கடல் கல்லு. எங்க ஊர்ல பழைய வீட்டுச் சுவரு இப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு ராஸ் அல் கைமாவில் ஜஸீரா அல் ஹம்ரா ஞாபகம் வந்தது. முத்துக் குளித்தவர்கள் விட்டுவிட்டுப் போன அந்தக் கிராமத்தின் சுவர்களிலும் இதே போலப் பவளக் கல்லின் துளைகள் தெரியும். மூன்று கடல், ஒரே கல். மாமா ஆத்தேயிடம், "இதை எதைப் போட்டு ஒட்டுனாங்க? சுண்ணாம்பா?" என்று கேட்டார்.

ஆத்தேக்குத் தெரியவில்லை. எந்த வீடியோவிலும் அது இல்லை போல. "சுண்ணாம்பு... இருக்கலாம்" என்று இழுத்தார்.

"முட்டை" என்று பின்னால் இருந்து ஒரு குரல். அந்தப் பெண். எல்லாரும் திரும்பியதும் அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை, மெதுவான இங்கிலீஷில் சொன்னாள். கல்லைக் கடலில் இருந்து வெட்டி மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்களாம். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து ஒட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். நிலநடுக்கத்தில் முன்பக்கம் இடிந்து, பிறகு திரும்பக் கட்டினார்கள்.

நான் தமிழில் சொன்னதும் மாமி, "அவ்வளவு முட்டையும் ஒடைச்சா மஞ்சக்கருவை என்ன பண்ணுனாங்கன்னு கேளு" என்றார்.

கேட்டேன். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தாள். "பலகாரம் செஞ்சாங்க. அதனாலதான் எங்க ஊர்ப் பலகாரத்துல இவ்வளவு முட்டை."

மாமிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தே மட்டும் சுவர் ஓரமாக நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படித் தெரியும் உனக்கு?" என்று அவர்கள் மொழியில் கேட்டிருக்கிறார். "ஸ்கூல்ல வருஷா வருஷம் கூட்டிட்டு வருவாங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் இருந்து மைக் அந்தப் பெண்ணின் கைக்குப் போனது. யாரும் தீர்மானித்துச் செய்ததில்லை. பிள்ளைகள்தான் செய்தார்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் வளர்ந்த அவர்களுக்கு இங்கிலீஷ்தான் வாய்க்கு வரும். அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். கேட்டதைப் பெரியவர்களுக்கு நான் தமிழில் சொன்னேன். ஆத்தே முன்சீட்டில் பயணி போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்று மாலை சாமான் விற்கும் ஒரு கடையில் பஸ் நின்றது. மகளுக்கு மாற்றுத்துணி வாங்க ஆத்தே இறங்கினார், நானும் போனேன். குட்டி விலங்கின் படம் போட்ட டீ-ஷர்ட் ஒன்றை எடுத்து மகளின் தோளோடு வைத்துப் பார்த்தார். அது இடுப்புக்குக்கூட எட்டவில்லை. இன்னொன்று எடுத்தார். அதுவும் சின்னது. மூன்றாவதைத் தேடும்போது அந்தப் பெண் எட்டி, அடுக்கின் மேலே இருந்து பெரியவர்கள் அளவில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. உதவி செய்கிற மாதிரிதான் நீட்டினாள். ஆத்தே அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாவிக்கொத்து பார்க்கிற மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை டார்ஷியர் என்கிற அந்தக் குட்டி விலங்கைப் பார்க்கப் போனோம். காட்டுக்குள் நடக்கும்போது பேசக்கூடாது. சத்தம் கேட்டால் பயந்து உயிரையே விட்டுவிடும் என்று அந்தப் பெண் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தாள். எங்கள் கூட்டம் பேசாமல் நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இலைக்கடியில் கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை அரைகுறையாகத் திறந்து அது எங்களைப் பார்த்தது. வெளியே வந்து பஸ் கதவு சாத்தியபின்தான் மாமி வாயைத் திறந்தார். "பாவம், அதுக்குத் தூக்கமே இல்லை போல." பஸ் முழுக்கச் சிரிப்பு.

அங்கிருந்து சாக்லேட் மலைக்குப் போகிற வழியில் ஒரு காடு வருகிறது. மனிதர்கள் நட்டு வளர்த்த மஹோகனி மரங்கள் இரண்டு பக்கமும் உயர்ந்து நின்று ரோட்டை மூடியிருக்கும். அங்கே எல்லாரும் நடுரோட்டில் நின்று போட்டோ எடுப்பார்கள். எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். ஆத்தே ஒரு குடும்பத்தைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். வளைவில் ஒரு லாரி வந்தது.

"மமா" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அவர்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆத்தே சட்டென்று ஒதுங்கினார், லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் எங்கள் மாமா, "என்னம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் ஓடி வந்து நின்றார். தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டார். நான் விளக்கிச் சொன்னதும் அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆத்தே சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "இறங்கினதுல இருந்து இப்பத்தான் கூப்பிட்டா" என்றார்.

மலைக்கு வந்து சேர்ந்தோம். பார்வை மேடைக்கு ஏறப் படிகள் நிறைய. மாமி கீழேயே உட்கார்ந்துகொண்டார், மாமா நின்று நின்று ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தோம். எத்தனை தடவை ஆபீஸில் கேட்டிருக்கிறேன், படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. உருண்டை உருண்டையாக, ஒரே அளவில், கடைசியில் நீலமாகிப் போகிற வரைக்கும் குன்றுகள். மழை பெய்யாத மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகும், அதனால்தான் அந்தப் பெயர். நாங்கள் போனபோது பாதி பச்சை, பாதி பழுப்பு. ஒரு அரக்கன் காதலித்த பெண் செத்துப் போனாளாம், அவன் அழுத கண்ணீர்த் துளிகள்தான் இத்தனை மலையும் என்று அந்தப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்துவிட்டுக் கம்பி ஓரமாகத் தனியாக நின்ற அம்மாவிடம் போனாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது. பேசியதை ஆத்தே பிறகு சொன்னார்.

"நீங்க இதைப் பார்த்ததே இல்லையா?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"இல்லை."

"அங்கே எல்லாருக்கும் இதைப் பத்திச் சொல்றது உங்க வேலைன்னு பாட்டி சொன்னாங்க. என்ன சொல்வீங்க?"

"வேண்டாம், நீ சிரிப்பே."

"சொல்லுங்க."

ஆத்தே ஆபீஸில் சொல்வதை, அதே குரலில், கையை விரித்துச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சியை நானே பார்த்தேன். ஆத்தே கையை விரிக்கிறார், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், பிறகு தலையை ஆட்டி ஏதோ திருத்துகிறாள், ஆத்தே மறுபடி சொல்கிறார். மாமா பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "மலையப் பார்க்காம எதைப் பார்க்குற?" என்றார். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் லோபோக் ஆற்றில் மிதக்கும் ஓட்டலில் சாப்பாடு. சுட்ட மீனும் சோறும் எங்கள் ஆட்களுக்கு ஒத்துப்போனது. தாயும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் மீனில் முள் எடுத்துவிட்டு அம்மாவின் தட்டில் வைத்தாள். அவள் பாட்டிக்கு அப்படிச் செய்து செய்து பழக்கமாம்.

கிளம்புகிற அன்று ஆத்தேயின் அம்மா மறுபடி துறைக்கு வந்து பேத்தியைக் கூட்டிப் போனார். அழுகை ஒன்றும் இல்லை. மாமி அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து துவா செய்தார். படகு கரையை விட்டு நகர்ந்து, ஊர் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தபோது ஆத்தே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போகும்போது என்ன கேட்டா தெரியுமா? அடுத்த குரூப் எப்ப வரும்னு கேட்டா."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்ப வருவேன்னு கேட்கலை சிஸ்டர். நான் லீவுக்கு வர்றதும் போறதும் அவளுக்குப் பழகிப்போச்சு. குரூப் எப்ப வரும்னு கேட்டா. குரூப் வந்தாத்தான் நான் அவகூட இருப்பேன்னு நினைக்கிறா."

ராஸ் அல் கைமாவுக்குத் திரும்பிய பிறகு எல்லாம் பழையபடி நடந்தது. ஒரு வித்தியாசம்தான். வெள்ளிக்கிழமை போன் நீண்டது. சில நாள் ஆபீஸிலேயே போன் வரும். ஆத்தே ஏதோ சந்தேகம் கேட்பார், மறுமுனையில் அந்தப் பெண் ஒரு டீச்சர் மாதிரி சொல்வாள். அந்த வருட முடிவில் காண்ட்ராக்ட் முடிந்தபோது ஆத்தே புதுப்பிக்கவில்லை. முதலாளி எவ்வளவோ பேசிப் பார்த்தார். "பாய், கலாஸ்" என்று, போதும் என்கிற அந்த ஒரே அரபு வார்த்தையில் முடித்துவிட்டார்.

நானும் என் கணவரும்தான் துபாய் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம். இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள். ஒன்று எடை கூடிவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்து, ஷாம்பூவும் சாக்லேட்டும் எடுத்து என் பையில் திணித்தார். துணிகள் மேலே கிடந்தன. எல்லாம் சரியான அளவில் இருந்தன. மகளிடம் முன்பே அளவு கேட்டு எழுதி வைத்து வாங்கியிருந்தார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தார், அவ்வளவுதான்.

இப்போது அவர் போஹோலில் அதே பஸ்காரர்களிடம் கைடு. கல்ஃபில் இருந்து வரும் கூட்டங்கள் அவருக்குத்தான் போகின்றன. ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும், தொழுகைக்கு எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகள் தக்பிலாரனில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். இருவரும் ஊரை விட்டு அங்கேயே ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், ஆத்தேயின் அம்மா மட்டும் வர மறுத்துவிட்டார்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். தொழில் விஷயம் இரண்டு வரி, மிச்சமெல்லாம் புகார். போன வாரமும் வந்தது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போட்டுவிட்டுப் போகிறாளாம். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நூடுல்ஸ் தின்கிறாளாம். "உன் பிள்ளைங்களும் இப்படித்தானா சிஸ்டர்?" என்று கேட்டிருந்தார். பின்னால் அந்தப் பெண் ஏதோ எதிர்த்துப் பேசுவதும், ஆத்தே போனைக் கையில் வைத்துக்கொண்டே அவளைத் திட்டுவதும் கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று பதில் அனுப்பினேன்.